போலீஸ்காரருக்கு நான் கொடுத்த மூன்று பேய்க்கதைகள்

சாப்பாட்டைப் பற்றிய பேய்க்கதைகளில் எதை முதலில் படிக்கலாம் என்று என்னைக் கேட்டால், சத்திரத்துச் சமையல்காரன் கதையைத்தான் சொல்வேன். தங்க வருபவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். மறுநாள் குழம்பு மட்டும் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஒன்று, உங்கள் கையால் சாப்பிடப்போகிறவரிடம் அதைக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துத்தான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் திருவாரூர் பக்கம் ஒரு மிராசு வீட்டின் மருமகள். கூலி உயர்வு கேட்டு ஊரே அறுப்பை நிறுத்திய வருடம். ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்றார்கள். சம்பாக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்ததுதான் மிச்சம். மாமனார் வெளியூரிலிருந்து நாற்பது ஆட்களை இறக்கினார். கடைத்தெருவில் அவர்களுக்கு ஒரு டீகூடக் கிடைக்காது என்பதால் மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அடுப்பில் நான் ஒருத்தி. கூடமாட உதவிய பெண்களெல்லாம் செங்கொடிப் பக்கம் போய்விட்டார்கள். போனது நியாயம்தான், நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

அந்த வாரம்தான் நீடாமங்கலத்திலிருந்து அண்ணியின் கடிதம் வந்தது. அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், உன்னையே கேட்கிறாள் என்று எழுதியிருந்தார்.

“அறுப்பு முடியட்டும்மா. வழியில மறிக்கிறானுங்க,” என்றார் மாமனார்.

வழியாவது, மறியலாவது! நான் போய்விட்டால் நாற்பது பேருக்கு யார் பொங்குவது? என் வீட்டுக்காரர் அப்பா கிழித்த கோட்டைத் தாண்டாதவர். வாசல் கதவைப் பூட்டினார்கள். கொல்லைக் கதவில் காவலுக்கு, வெளியூர் ஆட்களின் பாதுகாப்புக்கென்று வந்து எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு போலீஸ்காரர்.

அவருக்குப் பொழுது போகவில்லை. “படிக்க ஏதாச்சும் இருக்குமாம்மா?” என்று அவரே கேட்டார். என் டிரங்குப் பெட்டி நிறையப் பேய் நாவல்கள் இருந்தன. சத்திரத்துக் கதையைக் கொடுத்தேன். மறுநாள் கறிக்குழம்பு வேண்டாம் என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். அட, சரியான பயந்தாங்கொள்ளி! எனக்கு ஒரு யோசனை வந்தது. இவரை இன்னும் பயமுறுத்தினால் வேறு இடத்தில் காவல் கேட்டு ஓடிவிடுவார். நான் கொல்லை வழியாக பஸ் ரோட்டுக்குப் போய்விடலாம். மருமகளைக் கொழுக்கவைத்துத் தின்னும் குடும்பத்தின் கதையை எடுத்து, “இது இன்னும் நல்லா இருக்குங்க,” என்றேன். மனிதர் மோருக்கு இறங்கினார். மூன்றாவதாக, அடுப்படியில் அடைபட்ட மருமகள் வீட்டுப் பெரியவர்களை ஒவ்வொருவராகச் சமைக்கும் கதையைக் கொடுத்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவர் ஓடவில்லை. புத்தகத்தை மாமனாரிடம் கொண்டுபோய் நீட்டிவிட்டார்.

“இனிமே எல்லாருக்கும் முன்னாடி நீ சாப்பிடும்மா,” என்றார் மாமனார்.

கல்யாணமாகி நான்கு வருடம் கடைசிப் பந்தியில் அடிச்சட்டியை வழித்துத் தின்றவள் நான். இப்போது எனக்கு முதல் இலை! முதலில் சிரிப்புதான் வந்தது. நாற்பது பேரும் என் தொண்டையையே பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. சோறு, குழம்பு, கூட்டு, எல்லாவற்றிலும் ஒரு வாய். நான் விழுங்கிக் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தால் பந்தி தொடங்கும். போலீஸ்காரரை அடுப்படி வாசலுக்கே மாற்றிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அறுக்காத வயல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்கு அம்மா என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசி வயலை அறுத்த அன்று மதியமும் நான்தான் முதலில் சாப்பிட்டேன். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்த மாமனார் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தந்தி. அம்மா போய்விட்டாள். காலை எட்டு மணிக்கே வந்திருக்கிறது.

“காதுல விழுந்தா தீட்டும்மா. அப்பறம் நீ அடுப்பத் தொட முடியாது, நாப்பது பேரு பட்டினியா நிப்பான். வண்டி கட்டச் சொல்லிட்டேன், கெளம்பு.”

போலீஸ்காரர் தலையைத் தூக்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே சாப்பிட்டிருக்கிறார். பாவிகள்! அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மூன்றாவது புத்தகம் ஒன்றுமே இல்லை.

நீடாமங்கலம் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, ஈரத் தரையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைப் பிடித்து உலுக்கினார்.

“காலையிலயே தந்தி குடுத்தோமேடி. பெத்தவ மொகத்தப் பாக்கக்கூட வராம இவ்ளோ நேரம் என்னடி பண்ணிக்கிட்டிருந்த?”

“சாப்பிட்டேன் அண்ணி,” என்றேன்.