வலது கண்ணுக்கு ஒரு காலண்டர்

ஹேமாவதிக்குப் பயப்படுவது இரண்டாவது உத்தியோகம். முதல் உத்தியோகம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏற்றுமதிச் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே நூல் தொங்குகிறது என்று கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை. பதினோரு வருஷமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள், வீட்டுக்கு வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டா இருப்பாள்? காஸை மூடிவிட்டு மறுபடி வந்து தொட்டுப் பார்ப்பாள். பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பாதி வழி போனபின், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவாள். இப்படியே அவள் தவறவிட்ட ரயில்களுக்குக் கணக்கில்லை. தெருவே அவளைக் கேலி செய்யும். ஆனால் புருஷனுடைய வலது கண்ணைப் பற்றி அவள் பயந்தால் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

புருஷன் டில்லிபாபு ஒரு காலத்தில் கிக் பாக்ஸிங் ஆடியவன். ஆவடியில் ஒரு சைக்கிள் கடையின் மொட்டை மாடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே பழகி, மாநிலப் போட்டிவரை போய் வெள்ளி வாங்கினான். இருபத்தெட்டு வயதில் ஒரு போட்டியில் எதிராளியின் கால் அவன் வலது கண்ணில் வந்து விழுந்தது. கண்ணுக்குள்ளே விழித்திரை கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து பார்வையைக் காப்பாற்றிய டாக்டர், கட்டைப் பிரித்த அன்றைக்கு ஹேமாவதியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “இனிமே தலையில ஒரு அடி படக் கூடாதும்மா. தினமும் நல்ல கண்ணை மூடிக்கிட்டு இந்தக் கண்ணால எதையாவது படிக்கச் சொல்லுங்க. நிழல் மாதிரி ஏதாவது மறைச்சா அன்னைக்கே ஓடி வரணும். நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டா கண்ணை விட்டுட வேண்டியதுதான்.”

அன்றோடு டில்லிபாபு கையுறைகளை மூட்டை கட்டினான். கிரேன் ஓட்டக் கற்றான். ஒரு பெண் குழந்தை பிறந்தது, மதிவதனி என்று பேர் வைத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு பஹ்ரைனுக்குக் கிரேன் ஆபரேட்டராகப் போனான். பார்வைச் சோதனையில் தேறித்தான் போனான்.

போய் ஆறு மாதத்தில் அவன் குரல் மாறிவிட்டது. ஐந்து பேர் படுக்கும் அறை. விடிவதற்கு முன் பஸ், பகலெல்லாம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, பிறகு மறுபடி அறை. போனில் இவள் பத்து வார்த்தை பேசினால் அவனிடமிருந்து ஒரு “ம்” வரும். ஒரு நாள், “மேல உக்காந்துகினு கீழ பாத்தா இன்னாத்துக்கு எறங்கணும்னு தோணுது ஹேமா” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினான். அந்த ஒரு வரி ஹேமாவதியை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

அதனால்தான், அறைத்தோழன் பாஸ்கரன் அவனைப் பக்கத்து ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போனதாகவும், அங்கே கிக் பாக்ஸிங் இருப்பதாகவும், தான் மறுபடி பழகலாமா என்றும் டில்லிபாபு தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவள் கத்தவில்லை. பாஸ்கரன் வேலப்பன்சாவடிக்காரன், நல்ல மனுஷன்.  சரி என்றாள். இரண்டு நிபந்தனை போட்டாள். தொங்கும் மூட்டையைத்தான் குத்தலாம், உதைக்கலாம். ஆளோடு ஆள் மோதும் ஸ்பாரிங் மட்டும் கூடவே கூடாது. அடுத்தது, தினம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வீடியோவில் வந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு படித்துக் காட்ட வேண்டும்.

எதைப் படிப்பது? அங்கேதான் அவள் தன்னைப் பெரிய கெட்டிக்காரியாக நினைத்துக்கொண்டாள். ஒரே எழுத்தைத் தினம் காட்டினால் மனப்பாடம் ஆகிவிடும். தினசரி காலண்டர் என்றால் நாளுக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு சங்கதி. காலையில் விளக்கேற்றிப் பழைய தாளைக் கிழித்ததும் ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி போனுக்கு முன்னால் பிடிப்பாள். “ராகு காலம் படி மாமா” என்பாள். அவன் படிப்பான். அவளுக்கு அன்றைக்கு மூச்சு சீராக வரும்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. டில்லிபாபு இளைத்தான், சிரித்தான், மகளிடம் கதை பேசினான். காலைத் தூக்கி உதைப்பதைப் பாஸ்கரன் எடுத்த வீடியோவில் பார்த்து, “அப்பா உன்னாட்டம் பயந்தாங்கொள்ளி இல்லம்மா” என்று மதிவதனி சொன்னாள். ஹேமாவதிக்குப் பெருமை வந்தது. வந்த பெருமைக்கும் பயந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போதே தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் குடம் தூக்கிய அலுப்பில் விளக்கேற்றும்போதே ஆறேகால் ஆகிவிட்டது. அங்கே நாலுமணி அடிக்கக் கால் மணி இருக்கும். போன் அடித்தது. ஒரு கையில் மதிவதனியின் தலைமயிர், மறு கையில் காலண்டர்.

“இன்னா இன்னிக்கி லேட்டு?” என்றான் அவன்.

“மோட்டாரு பூட்ச்சி. அத்த உடு. கண்ண மூடு. ராகு காலம் இன்னா?”

அவன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினான். அவள் காலண்டரை போனுக்கு நேரே தூக்கினாள். “மூணுல இருந்து நாலரை.”

“எமகண்டம்?”

“ஒம்போதுல இருந்து பத்தரை. போதுமா? பஸ்ஸு வந்துட்ச்சி, வெச்சிடறேன்.”

நிம்மதியோடு காலண்டரை ஆணியில் மாட்டப் போனாள். தேதியைப் பார்த்தாள். திங்கட்கிழமை என்று இருந்தது. தாளைக் கிழிக்க மறந்துவிட்டிருக்கிறாள். தன் புத்தியை நொந்துகொண்டு கிழிக்கக் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

திங்கட்கிழமைத் தாளில் ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. அவள் காட்டியது அந்தத் தாள். அவன் சொன்னதோ செவ்வாய்க்கிழமைக் கணக்கு.

தேதியும் நட்சத்திரமும் திதியும் தினம் மாறும். ராகு காலம் எங்கே மாறுகிறது? செவ்வாய் என்றால் எந்தச் செவ்வாயும் மூணிலிருந்து நாலரைதான். பூக்காரி முதல் பத்திரம் எழுதுகிறவர்வரை ஊரில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்தும், எட்டு மாதமாகப் போயும் போயும் அதையே கேட்டிருக்கிறாள். அவன் இன்று எழுத்தைப் படிக்கவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு அச்சடித்திருந்த தேதி எண்கூட அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

 திரும்பக் கூப்பிட்டாள். மணி போயிற்று, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஆறு தடவை. ஒரு பக்கம் பின்னி, மறுபக்கம் விரித்த தலையோடு மதிவதனி, “இன்னாம்மா ஆச்சி?” என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.  அங்கே ஐந்து மணிக்கு அவன் கிரேனில் ஏறுவான். இங்கே ஏழரை. மணி இப்போது ஆறரை.

பாஸ்கரனைக் கூப்பிட்டாள். அவனுக்கு அன்று மதிய ஷிப்ட்; தூக்கக் கலக்கத்தோடு எடுத்தான்.

“அண்ணா, உண்மைய சொல்லு. அது யார்கூடனா சண்ட போட்ச்சா?”

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது, அவன் எழுந்து உட்கார்ந்தான். 

“வெள்ளிக்கெழம லீவுல,” என்றான் பாஸ்கரன் மெதுவாக. “பிலிப்பைன்ஸ் பையன் ஒருத்தன், ஜோடி இல்லாம நின்னான். மச்சான் ஒரே ஒரு ரவுண்டுன்னு போய்ட்டான்மா. நான் வேணாம்னேன். கண்ணுகிட்ட ஒரு குத்து வுயுந்துச்சி. கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னான். நானும் நம்பிட்டேன் தங்கச்சி.”

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலு நாள். அன்றைக்கே ஓடி வரணும் என்று டாக்டர் சொன்ன கண்ணை வைத்துக்கொண்டு, லீவு போக மூன்று நாள் கிரேன் ஓட்டியிருக்கிறான்.

“அண்ணா, உன் கால்ல வுயறேன். டாக்ஸி புட்ச்சி போ. அத்த மேல ஏற வுடாத.”

பாஸ்கரன் சட்டையை மாட்டிக்கொண்டே கிளம்பிவிட்டான் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், காஸைத் தொட்டுப் பார்த்தாள். மகளுக்கு மறுபக்கம் பின்னிவிட்டு, ரிப்பன் கட்ட மறந்து வேனில் ஏற்றினாள். தூரத்தில் ஏழு ஐந்து ரயில் போகும் சத்தம் கேட்டது. வேலைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

ஏழு இருபதுக்கு அவனே கூப்பிட்டான். சுற்றிலும் இயந்திர இரைச்சல்.

“இன்னாத்துக்கு இத்தினி போன்? கொய்ந்தைக்கி எதுனா?”

“எங்க கீற நீ? மேலயா கீழயா?”

“ஏறப் போறேன். இன்னா விசயம்?”

“யோவ், நான் காட்டினது திங்கக்கெழம தாளு. உனக்குத் தெர்ல. எனக்குத் தெரிஞ்சி போச்சி.”

 இரைச்சலை விட்டு அவன் ஒதுங்கி வந்தான். பிறகு சொன்னான். சனிக்கிழமை கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு நிழல் ஏறிற்றாம். நேற்று முழுக்க மூடிவிட்டதாம். ஒரு கண் நன்றாக இருப்பதால் சமாளித்துவிடலாமாம். இந்த மாதக் கடைசியில் காண்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள், கையெழுத்து ஆனதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்தானாம்.

“இப்ப சொன்னா அடுத்த பிளைட்டுல அனுப்பிடுவான் ஹேமா. வேல பூடும்.”

“நீ தூக்கற சாமானுக்குக் கீழ எத்தினி பேரு நிக்கிறாங்க?”

“பதினாலு.”

“பதினாலு பேரு ஊட்லயும் என்னாட்டம் ஒருத்தி போன கையில வெச்சிகினு உக்காந்துகினு இருப்பா. நீ ஏணியில கால வெச்சன்னா, உங்க கம்பெனிக்கு நானே போன் போட்டு சொல்லுவேன். சத்தியமா சொல்லுவேன்.”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அவனை மிரட்டியதில்லை.  அவன் பதில் சொல்வதற்குள், தூரத்தில் “மச்சான்! டேய் மச்சான்!” என்று பாஸ்கரன் கத்தும் குரல் கேட்டது. போன் நின்றது.

அடுத்த மூன்று மணி நேரத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். ஜிம்முக்குச் சரி என்றது யார்? நான். நட்சத்திரம் என்ன, திதி என்ன என்று கேட்டிருந்தால் சனிக்கிழமையே பிடிபட்டிருப்பான். கேட்காமல் விட்டது யார்? அதுவும் நான். பெரிய செக்கிங்காரி.

பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டில்லிபாபு அழைத்தான். வலது கண்ணில் மருந்து ஊற்றி மூடியிருந்தது. இன்றைக்கே ஆபரேஷன். பார்வை வருமா என்பதைச் செய்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கம்பெனிக்கும் தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாராம்.

“நான்தான் அந்த ஜிம்முக்குப் போவ சொன்னேன்,” என்றாள் ஹேமாவதி. 

“ஜிம்மு இல்லன்னா…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். மிச்சத்தை அவன் சொல்ல வேண்டியதில்லை. அவன் எந்த உயரத்தில் உட்கார்ந்து எதை நினைத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

“நாலு வார்த்த திட்டிடு. மனசு ஆறும்,” என்றான் பிறகு.

திட்டத்தான் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து சேர்த்துவைத்தது தொண்டை வரைக்கும் இருந்தது. வாயில் வந்ததோ வேறு.

“ஜெயிச்சியா?”



“அது இருவத்திரண்டு வயசு பையன், ஹேமா. செமத்தியா வாங்கினேன். ஆனா மூணு நிமிசமும் நின்னேன். கீழ வுயல.”

“நின்ன வரைக்கும் போதும்,” என்றாள் ஹேமாவதி. “ஊட்டுக்கு வந்துடு மாமா.”

அந்தப் பக்கம் டில்லிபாபு அழுதான். கண்ணில் அடிபட்ட அன்றைக்குக்கூட அழாதவன். அழக் கூடாது, மருந்து போட்ட கண் என்று அவள் அதட்டினாள். அதட்டிக்கொண்டே அவளும் அழுதாள்.