குதிரை வரிசை

திருமுல்லைவாயில் பள்ளிக்கூடத்து ஹாலில் ஒரே ஒரு ஆட்டம்தான் இன்னும் முடியவில்லை. அது என்னுடையது. ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பாவாடையே ஈரமாகிவிட்டது.

ஜன்னல் கம்பிக்கு வெளியே அப்பா. மேனாம்பேட்டிலிருந்து என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்து வந்தவர். எனக்குச் செஸ் கற்றுக்கொடுத்தது அவர். அவர் கற்றது கம்பெனி கேன்டீனில். மகள் மாவட்டத்துக்கு ஆடப்போகிறாள் என்று ஷிப்ட் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டு லீவு எடுத்திருந்தார். அங்கிருந்து அவருக்குப் பலகை தெரியாது, என் முகம்தான் தெரியும். அதனால் முகத்தையும் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

எதிரில் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். இரட்டை ஜடை, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. 

இருவருக்குமே ஆளுக்கொரு சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டப்போகிறது. அப்பா கற்றுக்கொடுத்த சட்டப்படி, ஆட்டம் தொடங்கும்போது அந்த வரிசையில் எந்தக் காய் நின்றதோ, சிப்பாய் அந்தக் காயாகத்தான் மாறும். என்னுடையது குதிரை வரிசை, அவளுடையது யானை வரிசை. எனக்குக் குதிரை, அவளுக்கு யானை, அப்படியும் நான்தான் முந்துவேன் என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

சிப்பாயைத் தள்ளி, அந்த இடத்தில் குதிரையை வைத்தேன். அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு தன் சிப்பாயை நகர்த்திவிட்டு ராணியை வைத்தாள்.

“மிஸ், அது யானை வரிசை!” என்றேன்.

நடுவராக இருந்த டீச்சர் குனிந்து பார்த்தார். “எந்த வரிசையா இருந்தா என்னம்மா? வேணுங்கிற காயை எடுத்துக்கலாம். நீ ஏன் குதிரை எடுத்தே?”

குதிரையைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினேன். வைத்த காயை மாற்ற முடியாதாம். கொஞ்ச நேரத்தில் என் ராஜா மாட்டிக்கொண்டது.

வெளியே வந்ததும் அப்பா ஓடிவந்தார். “இன்னாம்மா ஆச்சி?”

நீங்க சொல்லிக்கொடுத்ததே தப்புப்பா என்று நாக்கு நுனிவரை வந்தது. கோபம் கோபமாக வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“அவ நல்லா ஆடினாப்பா.”

“வுடு. ஊட்டுக்குப் போயி ஒரு ஆட்டம் போடலாம் வா.”

சொன்னபடியே சாயங்காலம் பலகையை விரித்தார். என் சிப்பாய் குதிரை வரிசையிலேயே கடைசிக் கட்டத்தை எட்டியது. வெட்டுப்பட்ட என் ராணி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அப்பா குதிரையை எடுத்து நீட்டினார். வாங்கி வைத்தேன்.