வசந்தாவை ஸ்டாப் பண்ணிவிட்டார்கள்

வண்டியை நிறுத்துவார்கள். பம்புசெட்டை நிறுத்துவார்கள். பெண்பிள்ளையின் படிப்பை மட்டும் எங்கள் ஊரில் ‘ஸ்டாப்’ பண்ணுவார்கள். அது ஏன்? பல்கலைக்கழகம் வரை படித்தும் எனக்கு விடை தெரியவில்லை. இங்கிலீஷில் சொன்னால் வலிக்காது என்றாள் ஒரு தோழி. நான் நம்பவில்லை.

எழுபதுகளின் நடுவில்... ஊறவைத்த புண்ணாக்கின் வாசனை அடிக்கும் எங்கள் பின்வாசல். கடம்பத்தூர் பக்கத்துக் கிராமம். நானும் அடுத்த வீட்டு வசந்தாவும் ரயிலேறிப் போய்த் திருவள்ளூரில் ஒன்பதாவது படித்தோம். பெண்ணைத் தனியாக அனுப்பும் வழக்கம் இல்லை. அவளுக்கு நான் துணை, எனக்கு அவள்.

ஒரு சாயங்காலம் வசந்தாவின் அம்மா அந்த வாசலில் வந்து நின்றார்.

“பெரியவளுக்குப் பிரசவம்க்கா. ஊட்ல ஆள் இல்ல. நாளையிலேர்ந்து வசந்தாவ ஸ்டாப் பண்ணிட்றோம்.”

நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் இவளையும் ஸ்டாப் பண்ண வேண்டியதுதான் என்றார். கோபமெல்லாம் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“நான் நாளைக்குப் போவேன் நைனா.”

“யார் கூட?”

“ரயில் போவுதில்ல... அதுல நானும் போறேன்.”

“ஒத்தையா போய்க்கினு வந்தா ஊர்ல இன்னா பேசுவாங்க தெரிமா?”

“நாலு நாள் பேசுவாங்க. அப்பால அவங்களுக்கே பேஜாராயிடும்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்திருக்கலாம்... உறுதியாகச் சொல்ல முடியாது.

துணை இல்லாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு நைனா கை கழுவப் போனார். நான் பையில் புத்தகங்களை அடுக்கினேன்.

இப்போதும் எப்போதாவது அந்த ரயிலில் போகிறேன். பெண்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தனித்தனியாக ஏறுகிறார்கள். துணை யார் என்று யாரும் கேட்பதில்லை. நல்லதுதான். பக்கத்தில் இருப்பவளின் பெயர் தெரியாமலே இறங்கிப் போகிறார்கள். அது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

மறுநாள் நடந்தது இதுதான்.

நைனா விடியும் முன்பே கழனிக்குப் போய்விட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அம்மா தடுக்கவில்லை. வாசலிலேயே நின்றாள். எதிரே கிணற்றடியில் வசந்தா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, ஈரப் பாவாடையோடு என்கூட நடந்தாள். ஸ்டேஷன் வந்தது, ரயில் வந்தது. நான் ஏறினேன். அவள் குடத்தை எடுக்கத் திரும்பிப் போனாள்.

சாயங்காலம் நைனா விசாரித்தார்.

“வசந்தா கூடத்தான் ஸ்டேஷனுக்குப் போனா” என்றாள் அம்மா.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை.