என் மூக்குக்கு இரத்தம் வருகிறதா என்று பார்க்க வவுனியா போனேன்

1982 ஆவணியில் நானும் என் கணவரும் விசுவமடுவிலிருந்து வவுனியாவுக்குப் போன கதை இது. கோயில் குளம் பார்க்க இல்லை, என் மூக்கைக் காட்டப் போனோம். ஆறு மாதத்துக்கு முன், விறகுக்குப் போன இடத்தில் கரடி அடித்து என் மூக்கு போய்விட்டது. வவுனியாவுக்கு வந்துபோகும் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் நெற்றித் தோலை அடிப்பக்கம் மட்டும் ஒட்டியிருக்க வெட்டித் திருப்பி, புது மூக்காகத் தைத்திருந்தார். புருவத்திலிருந்து மூக்குவரை ஒரு தசைப் பாலம் தொங்கியது. இரத்தம் அதன் வழியாகத்தான். தைத்து மூன்று கிழமை ஆகியிருந்தது, அதற்குள் மூக்கு கன்னத்திலிருந்து இரத்தம் எடுக்கப் பழகியிருந்தால் பாலத்தை வெட்டலாம். பழகாமல் வெட்டினால் மூக்கு கறுத்து விழுந்துவிடும்.

காலை 5.30 பஸ். பரந்தன் பன்னிரண்டு மைல், அங்கே மாறினால் வவுனியா ஐம்பது மைல். ஆளுக்குப் பத்து ரூபாய் ஐம்பது சதம். இடது பக்கம் இருக்காதீர்கள், மாங்குளம்வரை வெயில் முகத்திலேயே அடிக்கும். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்ததால் வெயிலும் படவில்லை, ஊரும் தெரியவில்லை.

9.40க்கு இறங்கி, பத்து மணிக்கு ஆஸ்பத்திரி இருட்டறையில் படுத்தேன். இரத்தத்தில் கலந்தால் ஊதா விளக்கில் ஒளிரும் மஞ்சள் மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றுவார்கள். ஏற்றுமுன் டொக்டர் சும்மா ஒருக்கால் விளக்கைப் பிடித்தார்.

“என்னப்பா இது? மருந்து போடமுதலே மூக்கு மினுங்குது!”

நேர்ஸ் குனிந்து பார்த்தார். “டொக்டர், அவா மஞ்சள் பூசியிருக்கிறா.”

எங்கள் ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். மஞ்சள் பூசிக் குளிக்காமல் நாங்கள் எந்த நல்ல காரியத்துக்கும் கிளம்புவதில்லை. “பூசாமல் வாறதே?” என்று நானும் கேட்டுவிட்டேன்.

“உங்கட மஞ்சளும் என்ர மருந்தும் இந்த விளக்குக்கு ஒண்டுதான், அம்மா. நான் ஏமாந்து வெட்டியிருந்தா?”

தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் போட்டு நேர்ஸ் பன்னிரண்டு மணிவரை துடைத்தார். விளக்கில் மூக்கு இருண்ட பிறகுதான், பாலத்தை இறுக்கிக் கட்டி இரத்தத்தை மறித்துவிட்டு ஊசி போட்டார்கள்.

“கன்னம் மினுங்குது,” என்றார் டொக்டர்.

“மூக்கைச் சொல்லுங்கோ ஐயா!”

“பொறுங்கோ... வருது.”

கண்ணாடி தந்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தேன். தந்தார்கள். கன்னத்திலிருந்து மூக்கின் ஓரத்துக்கும், பிறகு மெல்ல நுனிக்கும், கடைசி வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வருவதுபோல, பச்சை மஞ்சளாய் ஒளி ஏறியது. நான் ஓவென்று அழுதேன். அவ்வளவு பெருமை! அடுத்த நாள் பாலத்தை வெட்டினார்கள்.

இப்படிச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு: முகத்தில் எதுவும் பூசாதீர்கள். இரண்டு நாள் சிறுநீர் மஞ்சளாய்ப் போகும், செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, என்று பயப்பட வேண்டாம். கட்டாயம் கண்ணாடி கேளுங்கள். தரமாட்டோம் என்றால் சண்டை பிடியுங்கள். அது உங்கள் முகம், அதில் ஓடுவது உங்கள் இரத்தம், முதலில் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.