ஓடுதளத்தில் செருப்பைக் கழற்றியவர்

முதியோர் வகுப்பில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தபோதுதான் கோவிந்தன் அண்ணாத்தே போய்விட்டார் என்று சேதி வந்தது. அன்றைக்குத்தான் ‘பூந்தமல்லி’ என்று தப்பில்லாமல் எழுதியிருந்தேன். அவரிடம் காட்ட அழிக்காமல் வைத்திருந்தேன்.

அவரோடு வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுபது தாண்டி எழுத வந்த கை, மெதுவாகத்தான் போகிறது. ஒரு வரி முடிந்தால் சந்தோஷம் வருகிறது, சாவைப் பற்றிய வரியானாலும். அண்ணாத்தே கோபிக்க மாட்டார்.

பாரிவாக்கத்துக்கு அப்பால், வெள்ளைக்காரர்கள் உலகச் சண்டைக் காலத்தில் விமானம் ஓட்டப் பழக்கிய இடம் இருந்தது. அந்த ஓடுதளத்துக்குக் கல் சுமந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். சண்டை முடிந்த பிறகு அதில் நெல் காயப்போட்டோம், சைக்கிள் பழகினோம். அண்ணாத்தேயின் அண்ணன் வரதனுக்கு அங்கே மாடு விரட்டும் வேலை. மாடுகளை ஓட்டிவிட்டால் இறங்க வரும் விமானத்துக்குப் பச்சைத் துணி காட்ட வேண்டும், மாடு நின்றால் சிவப்பு. ஒருநாள் எருமைக் கன்று நகரவில்லை. வரதன் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டே கன்றை இழுத்தார். பழகுகிற பையன் விமானத்தை அவர் மேலேயே இறக்கிவிட்டான். அவனை லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வரதன் உடலை மாட்டு வண்டியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தத்தைக் கழுவிவிட்டு அன்று மாலையே மறுபடி விமானம் விட்டார்கள் என்று அவர்கள் அம்மா சாகும்வரை சொன்னாராம்.

அந்த இடம் வந்தால் அண்ணாத்தே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஒருமுறை அந்த வழியாகப் பக்கத்து குடோனுக்குப் போகும் லாரிக்காரர் கிண்டல் செய்தார்.

“இன்னா பெர்சு, இங்க எந்த சாமி கீது?”

“சாமி இல்ல நைனா. எங்க அண்ணன் கீறான். வண்டிய ஒதுக்கி ஓட்டு.”

அதன் பிறகு அந்த லாரி ஒதுங்கித்தான் போனது.

வரதன் விழுந்த இடத்துச் சிமென்டில் அவர் பெயரை எழுதத்தான் அண்ணாத்தே வகுப்புக்கு வந்தார். வெள்ளை பெயிண்ட் டப்பாகூட வாங்கிவிட்டார். ‘வ’ வந்தது, ‘ர’ வந்தது. ‘த’ பிடிபடவில்லை. “பாம்பாட்டம் வளையுது” என்பார். சொல்லிக்கொடுத்த பெண் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள்.

“நீ எய்துனா உன் எய்த்தும்மா. எங்க அண்ணன் பேர நான்தான் எய்தணும்.”

மனை போடுகிறவர்கள் ஓடுதளத்தை உடைக்க இயந்திரம் கொண்டுவந்தார்கள். அண்ணாத்தே அந்த இடத்தில் போய்க் குடையோடு உட்கார்ந்தார்.

“ரெண்டு எய்த்துதான் பாக்கி. எய்திட்றேன், அப்பால ஒடச்சிக்கோ.”

அவர்கள் மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார்கள். வெயிலில் உட்கார்ந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. அந்த இடத்தையும் உடைத்துவிட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சத்தம் அவர் படுத்திருந்த வீடு வரைக்கும் கேட்டது.

அவருடைய சிலேட்டு என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு எழுத்து இருக்கிறது. அழிக்கவில்லை. மிச்சத்தை நான் எழுதவும் இல்லை.

நேற்று அங்கே போனேன். மண்ணும் மனைக் கற்களும்தான் இருந்தன. வரதன் விழுந்த இடம் எதுவென்று தெரியவில்லை. அதனால் நுழையும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மறுமுனை வரை அப்படியே நடந்தேன்.