மகள் இருந்த புல்மேடு

எங்கள் மகள் நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கு மேலே ஒரு புல்மேடு உண்டு. அதன் அடியில் நீர் வற்றாத சதுப்பு. கூரைக்குப் புல் அறுக்கப் போகும்போது அவளையும் இடுப்பில் தூக்கிப் போவேன். நான் அறுத்து முடிக்கும்வரை சதுப்போரம் குந்தித் தவளைகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் என் வீட்டுக்காரர் அவளை அந்த மேட்டிலேயே புதைத்து, தலைமாட்டில் ஒரு கல் நட்டார். புல் அறுக்கப் போகும் நாளெல்லாம் அந்தக் கல்லருகே உட்கார்ந்து வீட்டு நடப்பைச் சொல்லிவிட்டு வருவேன்.

மறுவருஷம் ஒரு துரை குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு மேட்டைச் சுற்றி எல்லைக்கல் நட்டார்கள். காட்டையும் புல்லையும் நீரையும் காப்பாற்றப் போகிறார்களாம். மாடு மேயக்கூடாது, புல் அறுக்கக்கூடாது, கோடையில் தீ வைக்கக்கூடாது. நாங்கள் நடந்த தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். காவலுக்கு அடிவாரத்திலிருந்து ஒருவர் வந்தார்.

"உள்ள போவக்கூடாது அம்மணி. மேல இருக்கறவிங்க உத்தரவு."

"புல்லுக்கு வல்லீங்க. எம்புள்ள உள்ள இருக்கறா."

குழந்தை வழி தவறிவிட்டதென்று நினைத்து அவர் பதறிப்போனார். தடியைக் கீழே போட்டுவிட்டு, "எந்தப் பக்கம் போச்சு? எப்பப் போச்சு?" என்று ஓடப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் விடவில்லை. "எனக்குச் சோறு போடற வேல அம்மணி இது" என்றார்.

சில வருஷங்கள் கழித்து ஒருநாள் அவரே வீடு தேடி வந்து, "துரை ஊருல இல்லீங்க. நாளைக்கு வாங்க" என்றார். மிளகு பறிக்க, கொடி படர்ந்த பலாமரத்தில் ஏறி விழுந்ததில் என் வீட்டுக்காரருக்குக் கால் ஒடிந்திருந்தது. அதனால் நான் மட்டும் போனேன்.

மேடு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. மாடு மேயாத, தீப்படாத புல் என் தலைக்கு மேலே நின்றது. சதுப்பு அகன்று, நான் பார்த்தேயிராத பறவைகள் அதில் இறங்கியிருந்தன. அவ்வளவு அழகாய் அந்த இடத்தை நான் கண்டதில்லை. அந்தக் கல்லைத்தான் காணவில்லை. காவல்காரர் கையால் புல்லை விலக்கி விலக்கி, தட்டுப்பட்ட கல்லையெல்லாம் காட்டி, "இதுங்களா? இதுங்களா?" என்று கேட்டார். எந்தக் கல்லைப் பார்த்து ஆமென்பேன்?

வெயில் உச்சிக்கு வந்ததும், "இங்கயே எங்காச்சும் நின்னு கும்புட்டுக்கங்க" என்றார். நான் நிற்கிற இடமே அவள் நெஞ்சாக இருக்குமோ என்று தோன்றியது. கும்பிடாமலே திரும்பிவிட்டேன்.

வீட்டுக்காரர் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "கண்டயா?"

"காணலீங்க."

மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்பறம் எந்தப் பக்கம் பாத்து அழுவறது நாம?" என்றார்.

உள்ளே போய்ச் சாமையை உலையில் போட்டேன். அன்று அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.