ஏழாம் வளைவுக்கு மேலே

ஐம்பத்து மூன்று வயதில் மலைச் சைக்கிள் ஓட ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அங்கை கிட்டடியிலை ஆஸ்பத்திரி இருக்கோ?" மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "டாட், சீரியஸ்லி?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் எங்கள் வீட்டு வாசல் கொஞ்சம் ஏற்றம். அந்த ஏற்றத்திலேயே நான் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை அவள் தன் அறை யன்னலால் பார்த்திருக்கிறாள்.

போன இடம் டெருவெல் மாகாணத்தில் இருக்கும் மயெஸ்ட்ராஸ்கோ. மலையும் பள்ளத்தாக்கும், அவற்றின் உச்சியில் இடிந்த கோட்டைகளும்தான். அந்தக் காலத்தில் அராபியர் கட்டினார்கள், கிறிஸ்தவ வீரர்கள் பிடித்தார்கள், பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி இடித்தார்கள். இப்போது சண்டை பிடிக்கக்கூட ஆள் இல்லை. ஊருக்கு இருபது வீடு, அதில் பன்னிரண்டு பூட்டு. இவ்வளவு கல்லை அடுக்கி இவ்வளவு ரத்தம் சிந்தியவர்கள் கடைசியில் எல்லாவற்றையும் ஆடுகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பார்த்த சரித்திரத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்த சரித்திரம் இதுதான்.

நாங்கள் இரண்டு பேர் போனோம். மற்றவர் சிட்னிக்காரர், கெல்லிவில்லில் இருக்கிறார், கோயம்புத்தூர் ஆள். முன்பு ஒரே கம்பனியில் வேலை செய்தோம். அவரிடம் சைக்கிள் ஓடுவதற்கு வேண்டிய எல்லாம் இருந்தது, மூச்சைத் தவிர. கால்சட்டையில் பஞ்சு வைத்தது, கண்ணாடி, முழங்கால் கவசம், உப்புக்குளிசை. அத்தோடு பெட்டிக்குள் ஒரு சின்ன ரைஸ் குக்கரும்.

போகாத மூன்றாமவனைப் பற்றித்தான் இந்தக் கதை. அவனும் மெல்பேர்ன்தான், நோபல் பார்க்கில் இருக்கிறான், நாற்பது வயது, ஒரு களஞ்சியத்தில் பின்னேர வேலை. லிஸ்டர்ஃபீல்ட் காட்டுப் பாதையில் நான் ஒரு மரவேரில் விழுந்து கிடந்தபோது என்னைத் தாண்டிப் போனவன் திரும்பி வந்து, "அண்ணை, பிரேக்கை விட்டால்தான் விழமாட்டியள்," என்று தமிழிலேயே சொன்னான். நான் தமிழன் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "விழேக்கை அம்மா எண்டனியள்." அன்று தொடங்கிய பழக்கம். அவனைப் போல் சைக்கிள் ஓடுகிறவனை நான் கண்டதில்லை. நாங்கள் சைக்கிளில் ஏறியிருப்போம். அவன் அதை உடுத்தியிருப்பான்.

அவன் படகில் அகதியாக வந்தவன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இடைக்கால விசாதான். வெளிநாடு போகலாம், யாரும் மறிக்கமாட்டார்கள். திரும்பி வரத்தான் விடமாட்டார்கள். அதனால் அவன் கணினியில் பயணம் செய்கிறான். யாரோ போட்ட ஒரு வீடியோவில் மயெஸ்ட்ராஸ்கோவைக் கண்டு, நான்கு வருடம் செய்மதிப் படங்களையும் பழைய வரைபடங்களையும் வைத்துக் குடைந்து, ஐந்து நாள் பாதை ஒன்றைப் போட்டிருந்தான். எந்த ஊரில் குழாயில் தண்ணீர் வரும், எந்தப் பண்ணையில் நாய் கட்டாமல் நிற்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. நாங்கள் ஓடியது அவன் பாதையைத்தான். கடவுச்சீட்டு எங்களுக்கு, கால் அவனுக்கு. கடவுளுக்குப் பங்கு பிரிக்கத் தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தப் பாதையின் உயிர் மூன்றாம் நாளில் இருந்தது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஒரு பழைய கழுதைப் பாதை பதினொரு வளைவாக மலை ஏறி, உச்சியில் பாழடைந்த ஒரு சின்னத் தேவாலயத்தில் முடிகிறது. ஏழாம் வளைவுக்கும் ஒன்பதாம் வளைவுக்கும் நடுவில் மரங்கள் மூடியிருந்தன. செய்மதியால் அதற்குள் பார்க்க முடியவில்லை. அந்த இடத்தில் மட்டும் அவன் புள்ளிக்கோடு போட்டிருந்தான். விமானம் ஏறும் நாள் என்னைக் கொண்டுபோய் விட்டவன், பெட்டியை இறக்கிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, அந்த மரங்களுக்குக் கீழை பாதை இருக்கோ, ஓடலாமோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ. நாலு வருசமா அதுதான் மண்டைக்குள்ளை நிக்குது."

இனி மூன்றாம் நாள். காலையில் தங்கியிருந்த வீட்டுக்காரியிடம் அடுப்படி எங்கே என்று சைகையில் கேட்டோம். அவள் "கொதினா" என்று ஒரு கதவைக் காட்டினாள். எங்கள் ஊரிலும் அடுப்படிக்கு அதுதானே பேர், "குசினி!" என்று நான் கத்தினேன். அந்த ஒரு சொல்லோடு எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. கெல்லிவில்காரர் குக்கரில் சோறு வைத்தார். நான் கொண்டுபோன பருப்பும் கருவாட்டுப் பொரியலும் மாசிச் சம்பலும் சேர்த்து இரண்டு பார்சல் கட்டினோம். உலகத்தில் மலை ஏறுகிறவர்கள் வாழைப்பழமும் கொட்டைகளும் கொண்டு போகிறார்கள். மலையடிவாரத்தில் இருந்து சோறு தின்னும் துணிவு நம்மவருக்குத்தான் உண்டு.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு வாதுமை மரம் நின்றது. பதினொரு மணிதான். "சார், மேல போய் சாப்பிட்டா ஆறிடும்," என்றார் அவர். இதை விட நல்ல நியாயம் எனக்கும் தோன்றவில்லை. பார்சலை அவிழ்த்தோம். உண்ட களை தொண்டருக்கும் உண்டு. நாங்கள் தொண்டர்கூட இல்லை. எழும்பியபோது இரண்டு மணி. வெயில் கல்லில் பட்டுத் தெறித்தது, வயிற்றில் சோறு கல்லாக இருந்தது. முதலாம் வளைவு வரை தள்ளினோம். அங்கேயிருந்து மேலே பார்த்துவிட்டு, திரும்பத் தள்ளிக்கொண்டு இறங்கினோம்.

தெருவில் ஒரு கிழவர் ஆட்டுத்தீவனம் ஏற்றிய பிக்கப்பில் வந்தார். மலையின் மறுபக்கமாகத் தார் ரோடு ஒன்று உச்சிக்குப் போகிறது. அவர் எங்களையும் சைக்கிள்களையும் பார்த்தார், தீவன மூட்டைகளுக்கு மேல் ஏறச் சொன்னார். இருபது நிமிடத்தில் தேவாலயத்தில் நின்றோம். தலைக்கவசத்தோடு, வயிற்றை எக்கி, படம் பிடித்து, நோபல் பார்க்குக்கு அனுப்பினோம்.

மறுநாள் காலை, இரவு திரும்பி வந்து தங்கிய அதே வீட்டில் கோப்பி குடிக்கும்போது அவன் போன் எடுத்தான். மெல்பேர்னில் அப்போது பின்னேரம், வேலைக்கு வெளிக்கிடும் நேரம்.

"அண்ணை, ஏறினனீங்களோ!"

"ஓம். ஏறினனாங்கள்." தீவன மூட்டையில் ஏறினதும் ஏறினதுதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அந்த மரத்துக்குக் கீழை? பாதை இருக்கோ?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு முன்னால், சோறு தின்று படுத்துவிட்டோம் என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? "இருக்குது," என்றேன். கல்லோ மண்ணோ என்று கேட்டான். "கல்லும் மண்ணும்." முழுப் பூசணிக்காயை அல்ல, முழு மலையையே சோற்றுக்குள் மறைத்தேன்.

"அப்ப சரி அண்ணை. நான் புள்ளிக்கோட்டை அழிச்சுப்போட்டு முழுக்கோடு போடுறன். இரவு வந்து சைக்கிள்காரற்றை இணையத்தளத்திலை ஏத்திவிடுறன். மற்றவையும் ஓடட்டும்."

போனை வைத்தபின் கெல்லிவில்காரர் கோப்பிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். "சார், அங்க பாதை இல்லாம பள்ளமா இருந்தா? இவர் போட்ட கோட்டை நம்பி எவனாவது வேகமா வருவான்ல?"

அது எனக்கும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அதைவிட மற்றது சுட்டது. அவனிடம் இந்த உலகத்தில் பொய்யில்லாமல் இருந்தது அந்த வரைபடம் ஒன்றுதான். அதிலும் நான் கை வைத்துவிட்டேன். எழும்பிச் சப்பாத்தைப் போட்டேன். அவரையும் கூப்பிட்டேன். "பொய் சொன்னது நீங்க. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு முட்டி வலிக்குது," என்றார். கோயம்புத்தூர் ஆட்கள் மரியாதையாகவே கழுத்தை அறுப்பார்கள்.

வெறும் வயிற்றோடு ஏறினேன். ஏறினேன் என்றால், முதல் இரண்டு வளைவு ஓடினேன், மிச்சத்தைத் தள்ளினேன், ஐந்தாம் வளைவில் இருந்து சைக்கிள்தான் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தது. அவனைத் திட்டினேன், பாதை போட்ட கழுதைகளைத் திட்டினேன், குடிவரவு அமைச்சைத் தூஷணத்தால் திட்டினேன். ஆறாம் வளைவில் ஒரு ஆடு நின்று என்னைப் பார்த்தது. அதையும் விடவில்லை.

ஏழாம் வளைவுக்கு மேலே மரங்கள் தொடங்கின. பாதை இருந்தது. அகலம் ஒரு கதவளவு. யாரோ எந்தக் காலத்திலோ தட்டைக் கற்களை நிறுத்தி நிறுத்திப் பதித்திருந்தார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. எட்டாம் வளைவில் ஒரு மரம் விழுந்து பாதையின் பாதியை அடைத்திருந்தது. அந்த இடத்தில் நான் குந்தியிருந்து நகர்ந்தேன். சைக்கிளைப் பின்னால் இழுத்தேன். ஆனால் சில்லு போகும் தடம் எனக்கே தெரிந்தது. மரத்துக்கு உள்பக்கமாக, பிரேக்கைப் பிடிக்காமல், ஒரே வீச்சில். என்னால் இல்லை. ஓடத் தெரிந்த ஒருவனால்.

உச்சியில் சிக்னல் வந்தது. அவன் வேலைத்தலத்தில் தேநீர் இடைவேளையில் இருந்தான். மூச்சு வாங்க வாங்க, எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லி முடித்தேன். சோறு, நித்திரை, ஆட்டுத்தீவனம், பொய்.

"தெரியும் அண்ணை," என்றான். "படத்திலை ரெண்டு பேற்றை சேட்டும் ஒரு துளி வேர்வை இல்லாமல் காய்ஞ்சிருந்தது."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் போன ஆக்கள். இங்கை இருந்துகொண்டு நான் என்னத்தைச் சொல்லுறது? கோடு போடேல்லை, நீங்கள் திரும்பப் போவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." "இப்ப சொல்லுங்கோ. ஓடலாமோ?"

விழுந்த மரத்தையும், கதவளவு அகலத்தையும், கல் பதித்த விதத்தையும் சொன்னேன். அவன் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்னால் யாரோ பாரம் தூக்கியின் ஹோர்னை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாலை ஏலாது," என்றேன். "உம்மாலை ஓடலாம்."

லைன் விட்டுவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். பிறகு கேட்டான், "மழை பெய்ஞ்சால் அந்தக் கல்லு வழுக்குமோ, அண்ணை?"

வரப்போகிறவன் கேட்கிற கேள்வி அது. அந்த இடிந்த தேவாலயத்து வாசலில், சப்பாத்தோடு குந்தியிருந்து, ஐம்பத்து மூன்று வயது மனிதன் அழுதேன்.

"வழுக்கும்," என்றேன். "வெயில் காலத்திலை வாரும்."